தளர்ந்த கயிறு

கள்ளக்குறிச்சிச் சந்தை மைதானத்தில் ராணிப் போட்டி நடந்தது என்று சொன்னால் அனிட்டாவின் மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "இன்னாத்தே, மாட்டப் புடிச்சிக்கினு நடந்தா ராணியா?" என்பாள்.

ஆமாம், அதற்குத்தான் பட்டம். புரட்டாசி முதல் சனிக்கிழமையில் தீவன வியாபாரிகள் சேர்ந்து அதை நடத்தினார்கள். கல்யாணமாகாத பெண்கள் தாங்கள் வளர்த்த கிடேரியைக் கயிற்றில் பிடித்து, கையில் கம்பில்லாமல், மைதானத்தை ஒரு சுற்று வரவேண்டும். சுற்று முடியும்வரை கயிறு தளர்ந்தே இருக்கவேண்டும். விறைத்தால் மார்க் போச்சு. ஜெயித்தவளுக்கு ஜிகினாக் கிரீடம், ஒரு பித்தளைக் குடம். கூடவே ஒரு கட்டுப்பாடும் உண்டு. ராணியின் மாட்டை அடுத்த புரட்டாசிவரை விற்கக் கூடாது, அடுத்த ஆண்டு ஊர்வலத்தில் அதுதான் முன்னால் நடக்கவேண்டும்.

அனிட்டாவுக்கு வேண்டியிருந்தது அந்தக் கட்டுப்பாடுதான். கிரீடத்தைப் பற்றிக் கனவே காணவில்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் கண்டாள்.

செவளை அவள் வீட்டில் வளர்ந்ததே தவிர அவள் வீட்டு மாடு அல்ல. தியாகதுருகத்தை ஒட்டிய அவர்கள் ஊரில் ராமசாமி என்ற நிலக்காரர் கன்றை வாரத்துக்கு விட்டிருந்தார். வாரம் என்றால் மாடு அவருடையது, வளர்க்கும் பாடு இவர்களுடையது. அது ஈன்றால் முதல் கன்று அவருக்கு, இரண்டாவது இவர்களுக்கு. அதற்கு முன்பே விற்க நினைத்தால் அவரைத் தடுக்க யாருமில்லை.

செவளைக்கு இரண்டரை வயது. அனிட்டாவுக்குப் பதினேழு. விடிந்ததும் ஏரிக்கரையில் மேய்க்கும்போது அவள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடப்பாள். அந்தக் குரலுக்குச் செவளை பழகிவிட்டது. அவள் வாய் ஓடினால் அதன் கால் ஓடும். அவள் நிறுத்தினால் அதுவும் நின்று திரும்பிப் பார்க்கும். "நம்ம வூட்ல ஒழுங்கா ஜெபம் சொல்றது அந்த மாடு ஒண்ணுதான்" என்பாள் தாய் இஞ்ஞாசியம்மாள்.

எண்பத்தேழாம் வருஷம் ராமசாமிக்கு உழவுக்குக் காளை தேவைப்பட்டது. செவளையை விற்றுவிட்டுச் சோடி பார்க்கப் போவதாகச் சொன்னார். அனிட்டா போட்டியைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னதும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"போயிட்டு வா. ராணி ஆனா கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், ஒரு வருசம் கை வைக்க மாட்டேன். இல்லன்னா அடுத்த வாரம் யாவாரி வந்துருவான். அப்ப அழக்கூடாது, இன்னா?"

"சரிங்கய்யா."

விண்ணப்பத்தைப் பால் சொசைட்டி எழுத்தர் கண்ணாயிரம் நிரப்பிக் கொடுத்தார். 'மாடு யாருடையது' என்ற இடத்தில் அவராகவே 'சொந்தம்' என்று எழுதினார். சொந்த மாடுதான் சேர்த்தி என்பது விதி. "வாரத்து மாடுன்னு எழுதுனா ஓரமா நிக்க வச்சிருவாங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க? கையெழுத்தப் போடும்மா." அவள் போட்டாள். அன்று இரவெல்லாம் அந்தக் கையெழுத்து அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு சாலை மறியல் தொடங்கியது. படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மரங்களைச் சாய்த்துப் போட்டுச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. அந்த வாரம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பல வீடுகளில் துக்கம் விழுந்தது. அந்த வீடுகளுக்காக அனிட்டா இன்றும் வேண்டிக்கொள்கிறாள்.

சனிக்கிழமை விடியும் முன்பே அவள் செவளையோடு நடந்தாள். சாலையின் குறுக்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் விழுந்து கிடந்தது. அதன்மேலும் கீழும் அவர்கள் ஊர் ஆட்கள். நடுவில் துண்டை விரித்து ராமசாமி.

"ஒரு சைக்கிளக்கூட வுடலியே, இத எப்பிடி வுடறது?" என்றார் ஒருவர்.

"மறியல் மனுசனுக்குத்தான்யா, மாட்டுக்கு இல்ல. மாடு போவுட்டும்" என்றார் ராமசாமி.

"அப்ப புள்ள?"

"மாடு தனியா போயி ராணி ஆவுமா? அதயும் வுடு."

எல்லோரும் சிரித்தார்கள். நான்கு பேர் எழுந்து கிளையைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு கிழவர் தன் தூக்குச் சட்டியிலிருந்து கூழை ஊற்றிக் கொடுத்து, "குடிச்சிட்டு நட, வெய்யில் ஏறிடும்" என்றார்.

மைதானத்தில் போட்ட பந்தலில் வழக்கமான கூட்டமில்லை. இருபது பெண்கள் வரவேண்டிய இடத்தில் மூன்றே பேர். அனிட்டா, கள்ளக்குறிச்சியிலேயே குடியிருந்த கண்ணகி, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஆண்டாள். "எங்க ஊருக்கு ரோடே இல்ல. ரோட்ட மறிச்சா எங்களுக்கு இன்னா?" என்றாள் ஆண்டாள். முதல் சனிக்கிழமை என்பதால் நெற்றியில் நாமம் இட்டிருந்தாள். பெருமாளுக்கு விரதம், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கண்ணகியின் கிடேரி பாதிச் சுற்றிலேயே வைக்கோல் போரைப் பார்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்து அனிட்டா. நடுவர் ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர். கண்ணாடியை மூக்கில் இறக்கி, வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"மாடு சொந்தமா?"

ஒரே ஒரு சொல்தான். ராமசாமி ஏழு மைலுக்கு அப்பால் இருக்கிறார். செவளை அவள் தோளை உரசிக்கொண்டு நின்றது. அந்தச் சூடு அவள் தோளில் ஏறியது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க. வாரத்து மாடு."

"சொந்தம்னு எழுதியிருக்கே?"

"எழுதனவரு என் நல்லதுக்குன்னு எழுதிட்டாருங்க. கையெழுத்து நான்தான் போட்டேன். தப்புதாங்க."

டாக்டர் வெகுநேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "விதின்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார். திட்டாமல், தன்மேலேயே வருத்தப்படுபவரைப் போலச் சொன்னார். அனிட்டா தலையை ஆட்டிவிட்டு, சுற்று வராமல் ஓரமாக விலகி, செவளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மூன்றாவதாக ஆண்டாள். மலை மாட்டுக்கு ஒலிபெருக்கி புதிது. 'அலோ, அலோ' என்றதும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. ஆண்டாள் கெஞ்சினாள், கொஞ்சினாள். காலை முதல் எதுவும் குடிக்காத அவள் உதடு வெளுத்திருந்தது.

"டாக்டர் ஐயா, நான் முன்னால நடக்கட்டுங்களா?" என்றாள் அனிட்டா. " எனக்கு மார்க் வேணாம். அதுக்குத் துணைக்கு."

"துணை மாடு கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்றார் டாக்டர், காகிதத்தைப் புரட்டிப் பார்க்காமலே.

அனிட்டா ஜெபமாலையைத் தொடங்கினாள். செவளை நடந்தது. பின்னாலேயே மலைக் கிடேரி ஒரு அடி வைத்தது, பிறகு இன்னொன்று. ஆண்டாளும் வாய்க்குள் "கோவிந்தா, கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு கயிறும் ஊஞ்சல்போலத் தொய்ந்து ஆடின. பந்தலில் இருந்த முப்பது நாற்பது பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். சுற்று முடிந்தபின்னும் சற்றுநேரம் யாரும் கை தட்டவில்லை. அந்த அமைதியைத்தான் அனிட்டாவால் இன்றுவரை மருமகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

கிரீடம் ஆண்டாளுக்கு. அவள் தன் பித்தளைக் குடத்தில் தண்ணீர் மொண்டு, முதலில் செவளைக்குக் காட்டினாள்.

அந்திசாயும் வேளையில் அனிட்டா விழுந்த மரத்துக்குத் திரும்பி வந்தாள். ராமசாமி எழுந்து வந்தார்.

"ராணியா?"

"இல்லீங்கய்யா. சொந்த மாடான்னு கேட்டாங்க. வாரம்னு சொல்லிட்டேன்."

"ஆமான்னு சொல்லிட்டு வரவேண்டியதுதான? நானா வந்து இல்லன்னு சொல்லப்போறேன்?"

"மாடு உங்களுதாச்சேய்யா."

ராமசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். செவளையின் நெற்றியைத் தடவினார். வளர்க்க விட்ட நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை.

"யாவாரி வரவேணாம்னு சொல்லிடறேன். சினை புடிக்கட்டும், கன்னு போடட்டும். உங்க வூட்டுலயே நிக்கட்டும்."

"உழவுக்குங்கய்யா?"

"பங்காளிகிட்ட எரவல் வாங்கி ஓட்டிக்கறேன். அத நீ இன்னாத்துக்குக் கேக்கற?" என்று அதட்டினார். குரலில் கோபமே இல்லை.

ராமசாமி திரும்பி, தாம் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த மரத்திலிருந்து வாடாத ஒரு கிளையைத் தேடி ஒடித்து, செவளையின் வாய்க்கு நேராக நீட்டினார். அது நிதானமாக மென்று முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.