லிஃப்ட் கோவித்துக்கொண்ட நாள்

இருபது வருஷம் இராணுவத்தில் லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் வைத்தியம் பார்த்துவிட்டு மனைவி ஒரேயடியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவளுக்கென்று ஒரு வேலைகூட மிச்சம் வைக்கவில்லையே என்று கண்ணாடிக்காரருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடை கீழே தெருவிலேயே இருக்கிறது. வீடு ஏழாவது மாடியில். அவள் எங்கோ பனியிலும் புழுதியிலும் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த காலமெல்லாம், இவர்தான் ஒற்றை ஆளாக மகளையும் வளர்த்து, வீட்டையும் கட்டி மேய்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில் அவருக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஆள் வைத்து, கெஞ்சி, அலைந்து, எப்படியோ எல்லாவற்றையும் ஓடவைத்திருந்தார். லிஃப்டே புதுசாகிவிட்டது. வந்த புதிதில் அவள் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனாள். குழாயைத் திருகினாள், சொட்டவில்லை. ஜன்னல் கீலை ஆட்டினாள், ஆடவில்லை. கடைசியில் மகளின் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டாள்.

பென்ஷன் சமாச்சாரம் ஏதோ எழுதுகிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பென்ஷனைப் பற்றி ஒரு மனுஷி என்ன எழுதுவாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் போன் வந்தது. எடுத்துப் பேசியவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“என்னோட நாவலைப் போடறாங்களாம்.”

“எந்த நாவலை?”

“நான் எழுதினதை.”

மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கல்லூரி முடிக்கப் போகிறாள், ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பேர் குட்டிதான்.

“என்ன கதை? சண்டைக் கதையா?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“இல்லப்பா, அர்பன் ஃபேன்டஸி. சும்மா நம்ம ஊர் மாதிரி ஒரு ஊர். பஸ், ஃப்ளாட்டு, தண்ணி லாரி எல்லாம் இருக்கும். ஆனா நடுவுல மாயம் நடக்கும்.”

“தண்ணி லாரி நேரத்துக்கு வருமா?”

“அதான்பா மாயம்.”

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் ஜாதி அவர். கண்ணாடி போட வருகிறவரிடம், கண்ணாடி போட்டதும் முதலில் எதைப் பார்க்க ஆசை என்று கேட்டு வைப்பார். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரு நாவலை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவார்? சாப்பிடும்போது கேட்டார். துணி மடிக்கும்போது கேட்டார். “அச்சுல வந்தப்புறம் படிங்க” என்பதைத் தாண்டி அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. மகளிடம் நைசாக விசாரித்தார். “அம்மா என்னை உதைப்பாங்க” என்று அவளும் கையை விரித்துவிட்டாள்.

கடைசியில் வெள்ளெழுத்துதான் அவருக்குக் கைகொடுத்தது.

அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒரு தடவை பிழை பார்த்துத் தரச் சொல்லிப் பதிப்பகத்திலிருந்து தடித்த ஒரு கட்டு வந்தது. லேப்டாப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவந்தவளுக்கு அந்தப் பொடி எழுத்து பிடிபடவில்லை. காகிதத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் நீளமான கை கிடைக்குமா என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்ணாடிக்காரர் பேசாமல் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பரிசோதித்தார். வலது கண் ஒரு மாதிரி, இடது கண் வேறு மாதிரி. சரியான லென்ஸ் வெளியிலிருந்து வரவேண்டும்.

“எத்தனை நாள் ஆகும்?”

“நாலஞ்சு நாள்.”

“இதை வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். குட்டிக்கு வேற பரீட்சை.”

அலமாரியில் ரெடிமேட் கண்ணாடிகள் வரிசையாகத் தொங்கின. அதில் ஒன்றைக் கொடுத்திருந்தால் தலைவலியோடாவது சமாளித்திருப்பாள். கண்ணாடிக்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. “வேணும்னா நான் படிச்சுக் காட்டறேன், நீ தப்பு சொல்லு” என்றார், உலகத்திலேயே தனக்கு அதில் அக்கறை இல்லாதவர் மாதிரி.

“நடுவுல பேசக் கூடாது” என்றாள்.

மத்தியான நேரத்தில் கடைக்கு ஈ காக்கை வராது. லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்னறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

அந்த ஊரில் எல்லா இயந்திரத்துக்கும் மனசு உண்டு. மோட்டாருக்கு வாழ்க்கை வெறுத்துப்போனால் உயிரை விட்டுவிடும், அப்புறம் அந்தத் தெருவே உட்கார்ந்து அழுதால்தான் திரும்பி வரும். கரண்ட் ஒரு சங்கோஜி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும், பெரியவர்கள் யாராவது இருந்தால் ஓடிவிடும். கதவுகள் பிள்ளைகளைப்போல அடம் பிடிக்கும். குழாய் ஒன்றுக்குத் தீராத ஜலதோஷம், ராத்திரியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இவற்றையெல்லாம் தாஜா செய்யவென்று நகராட்சியில் ஒரு குமாஸ்தா இருக்கிறான். பயந்த சுபாவம். ஒரு மரையைக்கூட ஒழுங்காகத் திருகத் தெரியாது. ஆனால் பேசிப் பேசியே எதையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவான்.

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேசக் கூடாது என்ற நிபந்தனையை மறந்து, “எங்கிருந்து பிடிச்ச இதையெல்லாம்?” என்று கேட்டார். அவள் அடுத்த பக்கத்தைக் காட்டினாள்.

இரண்டாம் நாள் படிக்கும்போதுதான் ஏதோ இடித்தது. அந்தக் குமாஸ்தா தன் மேலதிகாரிக்குப் போனில் தகவல் சொல்கிறான்: ‘கரண்ட் வந்துச்சுங்க. எட்டிப் பாத்துட்டு, நாங்க நல்லா இருக்கோம்னு தெரிஞ்சதும் போயிடுச்சு.’ வாய்விட்டுப் படித்தபோது அந்த வாக்கியம் அவர் நாக்கில் பழகிய செருப்புமாதிரி உட்கார்ந்தது. இன்னொரு தடவை படித்தார். அது அவருடைய வாக்கியம். எப்போதோ, வாரத்துக்கு ஒருமுறை லைன் கிடைக்கிற காலத்தில், அவளிடம் போனில் சொன்னது. மோட்டார் உயிரை விட்டதும் அவர் சொன்னதுதான். குழாயின் மூக்கும் அவர் கொடுத்ததுதான்.

“இதெல்லாம் நான் பேசினது” என்றார்.

“ஆமா.”

“அப்ப இந்தக் குமாஸ்தா?”

“படிங்க.”

அவருக்குப் பெருமையாக இருந்ததா, கூச்சமாக இருந்ததா என்று சொல்வது கஷ்டம். காது மடல் சூடாகிவிட்டது. மீதியைக் கொஞ்சம் மிடுக்காகவே படித்தார். மூன்றாம் நாள் லிஃப்ட் வந்தது.

பழைய கட்டடத்தின் பழைய லிஃப்ட். யாரோ அதைப் பார்த்துக் கிழட்டுப் பெட்டி என்று சொல்லிவிட, கோவித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. மேல்மாடியில் ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது. குமாஸ்தா லிஃப்டின் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அது எத்தனை பேரைச் சுமந்தது, எத்தனை கல்யாணப் பெண்களை இறக்கிவிட்டது என்றெல்லாம் சொல்லிச் சொல்லி இளக்குகிறான். கதவு திறக்கிறது. குழந்தையும் லிஃப்டும் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்குகின்றன.

கண்ணாடிக்காரர் நிறுத்திவிட்டார்.

“எழுத்துப்பிழையா?” என்றாள்.

“இது இப்படி நடக்கலை.”

“தெரியும்.”

“உனக்கு எப்படித் தெரியும்? நான் உன்கிட்ட, லிஃப்ட் கோவிச்சுக்கிச்சு, குட்டி என் தோள் மேல சவாரி பண்ணிட்டு இறங்கிச்சுன்னுதானே சொன்னேன்?”

“அதனாலதான் தெரியும். சின்ன விஷயம்னா நீங்க புலம்புவீங்க. பால் திரிஞ்சதுக்குப் பத்து நிமிஷம் புலம்பியிருக்கீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்கன்னா, ஏதோ பெருசா நடந்திருக்குன்னு அர்த்தம்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கலை?”

அவள் மேஜையின் விளிம்பை விரலால் தேய்த்தாள். “கேட்டா சொல்லிடுவீங்களேன்னுதான். சொன்னப்புறம் அங்கிருந்துக்கிட்டு நான் என்ன பண்ண முடியும்? ஊர்ல இருக்கிற லாரியெல்லாம் சரி பண்றேன், என் வீட்டு லிஃப்டுக்கு ஒரு ஒயர் மாட்டிவிட முடியலை. அதான் கதையிலயாவது திறக்கவச்சேன்.” பிறகு, “இப்பச் சொல்லுங்க” என்றாள்.

அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

குட்டிக்கு அப்போது ஆறு வயது. மூச்சிழுப்பு வந்து உதடு நீலம் பாரித்துவிட்டது. கரண்ட் இல்லை, லிஃப்ட் நடுவழியில் நிற்கிறது. தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் படி இறங்கினார். நாலாவது மாடித் திருப்பத்தில் அவள் இருமுவதும் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் நின்றதும் இவருக்குக் கால் விட்டுப்போய்விட்டது. “உக்காந்துட்டேன். எந்திரிக்கணும்னு தெரியுது, எந்திரிக்க முடியலை. பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கேன். கத்தக்கூட வரலை.”

மூன்றாவது மாடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மா ஒருத்தி குடியிருந்தாள். டார்ச்சோடு மேலே வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, பழகுநர் வண்டியில் போட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். இவர் எழுந்து தெருவுக்கு வந்தபோது வண்டி இல்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார். ஆக்ஸிஜன் முகமூடி போட்டுக்கொண்டு குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா அவங்க வீடு மாத்திப் போற வரைக்கும் நான் அவங்க முகத்தை நேராப் பாத்ததில்லை.”

மனைவி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பல வருஷம் ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கை. யாரோ ஒரு வாடிக்கையாளர் முன்னறையில் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு, “மாத்தணும்” என்றாள்.

“எதை?”

“லிஃப்ட் திறக்கக் கூடாது. அவன் படியில உக்காரணும். அந்தம்மா வரணும்.”

“வேண்டாம். படிக்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

“உங்களைப் பத்தி ஒண்ணும் நினைக்க மாட்டாங்க, குமாஸ்தாவைப் பத்தித்தான் நினைப்பாங்க. இத்தனை நாளா அவன் பேசினா எல்லாம் நடந்துடுது. எனக்கே அவன்மேல நம்பிக்கை வரலை. ஏன்னு இப்பத்தான் புரியுது.” பிறகு, “உங்களுக்குப் பிடிக்கலைன்னா விட்டுடறேன்” என்றாள்.

அவர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். லென்ஸ் ஒன்றைத் தப்பாகத் தேய்த்து வீணாக்கினார். மறுநாள் காலைக் காப்பியைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, “அந்தம்மா வண்டியில பின்னாடி ஒரு சிவப்பு ‘எல்’ போர்டு இருந்துச்சு. அதையும் போட்டுக்கோ” என்றார்.

பதிப்பாசிரியருக்குக் கோபம் வந்தது. இந்தக் கட்டத்தில் கதையை மாற்றுவதா என்று போனில் பொரிந்து தள்ளினார். பக்கம் கூடாமல் இருந்தால் பார்க்கலாம் என்று கடைசியில் இறங்கிவந்தார். அதனால் புதிதாக எழுதியதற்கு ஈடாகப் பழசில் வெட்டவேண்டியிருந்தது. இருவரும் உட்கார்ந்து வெட்டினார்கள். கல்யாணப் பெண்கள் போனார்கள், பாட்டு போயிற்று. குழாயின் மூக்கில் கைவைக்க மட்டும் கண்ணாடிக்காரர் சம்மதிக்கவில்லை.

புத்தகம் வந்ததும் குட்டி ஒரே மூச்சில் படித்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

“லிஃப்ட் அத்தியாயம் மாறியிருக்கே. அந்தக் குழந்தை நானா?”

“ஆமா.”

“எனக்கு வண்டி மட்டும் ஞாபகம் இருக்கு. பக்கத்து சீட்லயும் ஒரு பிரேக் இருந்துச்சு. அதை மிதிக்கணும்னு ஆசையா இருந்துச்சு.” பிறகு அவர் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் எதற்குப் பயந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

ஒரு புத்தகக் கடையில் சின்னதாகக் கூட்டம் போட்டார்கள். நாற்காலிகளில் பாதி காலி. வந்திருந்த ஒருவர் எழுந்து, “இவ்வளவு வருஷம் இராணுவத்துல இருந்திருக்கீங்க. கதையில ஒரு துப்பாக்கிகூட இல்லையே?” என்று கேட்டார். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “அங்க இருந்தப்ப நான் யோசிச்சதெல்லாம் வீட்டைப் பத்தித்தான்” என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணாடிக்காரர் தட்டவில்லை. அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

“நான் போன்ல என்ன மறைச்சேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. நீ என்ன மறைச்சேன்னு எனக்கு ஒண்ணும் தெரியலையே. குளிர், சாப்பாடு பரவாயில்லை. இது ரெண்டைத் தவிர வேற எதுவும் நீ சொன்னதில்லை.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு தடவை, நான் பார்த்துப் பார்த்துச் சரிபண்ணி அனுப்பின லாரி திரும்பி வரலை” என்றாள். “ஓட்டிட்டுப் போன ரெண்டு பேரும் என்கூடத்தான் காலையில டீ குடிச்சாங்க. வண்டியில கோளாறு ஒண்ணுமில்லை, பாதையிலதான்னு அப்புறம் சொன்னாங்க. அன்னிக்கு எனக்குப் போன் முறை. உங்ககிட்ட ஸ்வெட்டர் அனுப்பச் சொன்னேன்.”

“பச்சை ஸ்வெட்டர். அனுப்பினேன்.”

“வந்துச்சு. நல்லா இருந்துச்சு.”

“அந்த ரெண்டு பேரு எப்படி இருப்பாங்க?”

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். ஒருத்தனுக்குப் பல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் என்று தொடங்கினாள். வாயை மூடிக்கொண்டு சிரிப்பானாம். இன்னொருத்தன் யார் டீயில் சர்க்கரை போட்டாலும் பத்தவில்லை என்பானாம். அவர் கேட்டுக்கொண்டே போனார், அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இறங்கவேண்டிய நிறுத்தம் வந்து போனதை இருவருமே கவனிக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து தட்டி எழுப்பாத குறையாக இறக்கிவிட்டார். திரும்ப நடந்தே வந்தார்கள். வழி நீளம்தான். அவளுக்குச் சொல்ல இருந்ததும் அவ்வளவு இருந்தது.