பிரேக் பிடிக்காத கனவு

பஸ் ஓட்டிய காலம் முழுக்க ஒரு நாயைக்கூட இடிக்காதவர் என்று பெயரெடுத்தவர் டிரைவர். ஓய்வு பெற்றபின் பார்க்கின்சன் நோய் வந்து வலது கை நடுங்கத் தொடங்கியது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டியிருந்தது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது, மனைவியின் கண்ணைச் சுற்றிக் கன்றிப்போயிருந்த கறுப்புதான்.

அடித்தது அவர். தூக்கத்தில். கனவில் பஸ் இறக்கத்தில் உருண்டுகொண்டிருந்தது, பிரேக் பிடிக்கவில்லை, பக்கத்திலிருந்து எவனோ ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தான். முழங்கையால் ஓங்கி ஓர் இடி கொடுத்தார். விழித்துப் பார்த்தால் மனைவி கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேலை பார்க்கும் தையல் கடையில் அவள், “அலமாரிக் கதவு இடிச்சிருச்சு” என்றாள். யாரும் நம்பவில்லை. அவருக்கோ சோறு இறங்கவில்லை. இத்தனை காலம் தனக்குள் பதுங்கியிருந்த ஏதோ ஒரு மிருகம் இப்போது தலைநீட்டுகிறதோ என்று பயந்தார். முதுகுக்குத் தரைதான் நல்லது என்று சாக்குச் சொல்லி, சமையலறையில் போய்ப் படுத்தார். தூங்கினால்தானே கனவு வரும் என்று கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார். பகலில் மடியில் பேப்பரோடு தலை தொங்கிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். கை ஒவ்வொன்றும் உலக்கை. அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர் பக்கம் திரும்பினான்.

“அலமாரிக்குக் கை முளைச்சிருக்கா மாமா?”

“நான்தான் அடிச்சேன். தூக்கத்துல. நீ நம்ப வேண்டாம், எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல.”

“தெரிஞ்சு செய்யலடா தம்பி” என்றாள் மனைவி.

“நாளைக்கு டாக்டர்கிட்ட போறீங்கல்ல? நானும் வரேன். அவங்க சொல்லட்டும்.”

நரம்பு டாக்டரம்மா வழக்கம்போல் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். டாக்டர் மனைவியிடம் திரும்பினார்.

“கை நடுங்குறதுக்கு முன்னாடியே தூக்கத்துல கத்துவாரா? உதைப்பாரா?”

“பல வருஷமா கத்துவார் டாக்டர். ‘ஓரமாப் போ, ஓரமாப் போ’ன்னு. வேலைப் பைத்தியம்னு விட்டுட்டேன்.”

“கனவு காணும்போது உடம்பு அசையாம இருக்க மூளை ஒரு பூட்டுப் போடும். இந்த நோய்ல நிறைய பேருக்கு அந்தப் பூட்டு தளர்ந்துடும். நடுக்கம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியேகூட. குணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க கையைப் பத்தித்தான் கேட்டீங்க” என்றாள் மனைவி.

“தூக்கத்தைப் பத்தியும் கேட்டிருக்கணும். என் தப்புதான்” என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். கொஞ்ச நாள் தனித்தனிக் கட்டில், பக்கத்தில் கண்ணாடிச் சாமான் வேண்டாம், கட்டிலைச் சுற்றித் தலையணை போடுங்கள் என்றார்.

டிரைவர் நடுங்கும் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வெளியே வந்ததும் மச்சினன் தொண்டையைக் கனைத்தான். “வர்ற வழியெல்லாம் உங்களை என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டே வந்தேன் மாமா.”

“என்ன முடிவு பண்ணுன?”

“ஒரே ஒரு அறை விடலாம்னு.”

“உன் கைக்கு அது போதும். அப்புறம் எனக்குத் தூக்கமும் இருக்காது, கனவும் இருக்காது.”

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் கண் வலித்தது. வலித்தாலும் நிறுத்த முடியவில்லை.

அன்று சாயங்காலமே மச்சினன் ஒரு கட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். டிரைவர் படுக்கையறைக்குத் திரும்பினார்.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆயிற்று. ஒரு நாள் நன்றாக விடிந்தபின் அவர் கண் விழித்தார். மனைவி ஜன்னலோரம் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“நேத்து கனவுல யாரோடவோ சண்டை போட்டேனே” என்றார் பயத்தோடு. “கை வந்துச்சா?”

“வரல. வாய் மட்டும்தான் வந்துச்சு. அது முழிச்சிருக்கும்போதும் வர்றதுதானே.”

அவர் போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடினார்.