முன் கதவு

என் மகள் கல்லூரியில் ஜப்பானிய மொழியும் பண்பாடும் படிக்கிறாள். அவள் அதில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி கிடையாது. டம்ளரை ஒற்றைக் கையால் நீட்டினால்கூட முறைக்கிறாள்.

அவளுடைய கடைசித் தேர்வு எழுதுவதல்ல, நடந்து காட்டுவது. அந்த நாட்டிலிருந்து வரும் பேராசிரியரை ரயில் நிலையத்தில் வரவேற்று, காரில் கல்லூரிக்கு அழைத்து வர வேண்டும். அவரேதான் மதிப்பெண் போடுவார். தேறினால் ஒரு வருடம் அங்கே போய்ப் படிக்கலாம். அவள் உயிரே அதில்தான் இருக்கிறது.

டாக்சி ஓட்டும் அப்பன் நான் இருக்க, வேறு காருக்கு எங்கே போவாள்?

"ஆனா டிரைவர்னே சொல்லு. பரீட்சைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கான்னு நினைச்சுடப் போறாரு" என்றேன். அரை மனதாகத் தலையாட்டினாள்.

நாற்காலிகளைக் கார் மாதிரி போட்டு ஒத்திகை நடந்தது.

"டாக்சில டிரைவருக்குப் பின்னாடி இருக்கறதுதான் பெரியவங்க இடம்ப்பா. முன்னாடி, சின்னவங்க."

"எல்லாம் தலைகீழா இருக்கே!"

"மாத்தி உக்கார வச்சா நான் காலி."

பேராசிரியராக நடித்த என் மனைவி சிரித்தே ஒத்திகையைக் குட்டிச்சுவராக்கினாள்.

பேராசிரியர் வந்தார். சின்ன உருவம், பஞ்சுத் தலை. மகள் குனிந்து வணங்கிவிட்டு அவர்கள் மொழியில் பொளந்து கட்டினாள். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை, பூரிப்பு மட்டும் தாங்கவில்லை. அந்தப் பூரிப்பில்தான் புத்தி கெட்டது. வயதானவரைக் கண்டதும் பழகிய கை தானாக முன் கதவைத் திறந்துவிட்டது.

"வாங்கய்யா, முன்னாடி தாராளமா உக்காருங்க."

அவரும் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார். மகள் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் ஏறினாள். கண்ணாடியில் அவளைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

சிக்னலில் நின்றபோது, பேராசிரியர் என்னைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டார். அவள் சின்னதாக ஒரு பதில் சொன்னாள். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, பெல்ட் விட்ட வரைக்கும் குனிந்து வணங்கினார்.

"என்னம்மா கேட்டாரு?"

"ஓட்டுறவர் யாருன்னு கேட்டாரு. எங்கப்பான்னு சொன்னேன்."

"அடிப்பாவி! டிரைவர் தெரியாம பண்ணிட்டாருன்னு என் தலையில போட்டுட்டுத் தப்பிச்சிருக்கலாமே!"

அதற்குள் பேராசிரியர் சிரித்தபடி நிறையப் பேசினார். கேட்டு முடித்ததும் அவள் என் சீட்டைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தாள்.

"வாடகை வண்டிக்குத்தான் அந்த முறையாம்ப்பா. வீட்டு மனுஷரே ஓட்டினா, அவர் பக்கத்து சீட்டுதான் பெரிய இடமாம். சரியாத்தான் உக்கார வச்சிருக்கோமாம்."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ, மார்க் போனாலும் போகட்டும்னா சொன்னே?"

"பின்னே?" என்றாள் கோபமாக.

சிக்னல் எப்போது மாறியது என்றே எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அடிக்கட்டும்.