இரண்டாவது கோடு

சிறுவாச்சூர் லாரி நிறுத்தத்தில் எச்.ஐ.வி. முகாம் போட்டால் முதல் ஊசி சசிகலாவுக்குத்தான். பெரம்பலூர் பெண்கள் சங்கத்து ஆளான அவள் விரலை நீட்டுவாள்; அரியலூரில் லாரி ஓட்டுநர்களுக்காக நடக்கும் தொண்டு நிறுவனத்து முத்துவேல் குத்துவான். இரண்டு அமைப்பும் சேர்ந்து மூன்று வருடம் முன்பு கண்டுபிடித்த உபாயம் இது. ஒரே ஆபீஸ் ஆட்கள் குத்திக்கொண்டால் டிரைவர்கள் நாடகம் என்பார்கள். கால் மணி நேரம் கழித்து, நோய் இல்லை என்று ஒற்றைக் கோடு விழுந்த சோதனைக் கிட்டை அவள் தூக்கிக் காட்டுவாள். அதன் பிறகுதான் கூட்டம் அசைந்து கொடுக்கும்.

இன்று மசியாமல் நின்றவர் அங்கமுத்து. சிமெண்ட் லாரிக்காரர், இந்தப் பேச்சை எடுத்தாலே நழுவி விடுகிறவர். "உனக்கு ரிசல்ட் வரட்டும் தாயி, பாத்துட்டு நான் வரேன்" என்று டீ கிளாஸோடு மரத்தடியில் நின்றுகொண்டார்.

கால் மணி நேரம் ஆனதும் சசிகலா தன் கிட்டைக் கையில் எடுத்தாள். இரண்டு கோடு.

வெயிலில் அப்படித் தெரிகிறது என்று நிழலுக்குக் கொண்டுபோனாள். நிழலிலும் இரண்டு. இது முடிவில்லை, ஆஸ்பத்திரியில் மறுபடி பார்க்கவேண்டும், மாத்திரை இருக்கிறது என்று எத்தனை பேரைத் தேற்றியிருப்பாள். அதில் ஒரு வார்த்தைகூட இப்போது அவளுக்கு உதவவில்லை. நினைவுக்கு வந்தது மகேஷ்தான். அவள் புருஷனும் லாரிதான் ஓட்டுகிறான். ரோட்டில் போகிற டிரைவரையெல்லாம் மன்றாடி இழுத்து வந்தவள், வீட்டு டிரைவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவனுக்கு எதுக்கு என்று இருந்துவிட்டாள்.

முத்துவேல் எட்டிப் பார்த்தான். கிட்டை வாங்கிப் பஞ்சுப் பொட்டலத்துக்குக் கீழே தள்ளினான்.

"அக்கா, நீங்க உள்ள போய் உக்காருங்க. இன்னிக்கு முகாம் வேணாம்."

அதற்குள் அங்கமுத்து முகாம் மேசைக்கு வந்துவிட்டார். "என்ன தாயி, ஒத்தக் கோடுதான?"

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க" என்றாள். இந்த மூன்று வருடத்தில் அந்த மேசையில் அவள் சொன்ன முதல் பொய்.

அங்கமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப சரி. நீயே குத்து, அந்தத் தம்பி வேணாம்."

அவர் விரலைப் பிடித்தாள். ஊசி பிடித்த கை நிற்கவில்லை.

"ஏந் தாயி நடுங்குற? குத்து எனக்குத்தான."

சொல்லிவிட்டு, கிரீஸ் படிந்த அந்தத் தடித்த விரலை, பஞ்சு சுற்றிய அவள் விரலுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நீட்டினார்.