பனியா புகையா

"யாரைக் கேட்டு எஞ்சினைப் பிரிச்ச?"

கட்டாரில் இருந்து ரஜீவ் போட்ட சத்தம், போன் ஸ்பீக்கர் வழியாகப் பூனாகலைத் தோட்டத்து மேட்டு லயத்தில் வரிசை வீடு பூராவும் கேட்டது.

"உன்னைக் கேட்டா வித்துடும்பே. அதான் கேக்கல," என்றாள் தங்கை தயானி. அவள் குரலும் லேசுப்பட்டதில்லை.

"கராஜ்காரன் செய்யுற வேலைடி அது."

"அவன் ஒரு மாசம் ஆகும்ங்கிறான். அதுவரைக்கும் பிள்ளைங்க நடந்தா போகும்?"

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு என் கூட்டாளி நிஷாந்த் வேனைப் பார்த்து வாங்க வருவான். வேன் ஓடலைன்னா அவன்கிட்ட குடுத்துடு."

"மெதுவாப் பேசுங்க, நாலு வீடு கேக்குது," என்றாள் அம்மா கருப்பம்மா. நாலு இல்லை, பன்னிரண்டு. பக்கத்து வீட்டில் டிவியையே நிப்பாட்டி வைத்திருந்தார்கள்.

ரஜீவ் வெளிநாடு போகும்போது விட்டுப்போன வேன் அது. இரண்டு வருஷமாகப் பதினொரு பெண்பிள்ளைகளைப் பண்டாரவளை காமெண்ட் தையல் வேலைக்கு ஏற்றி இறக்குகிறாள் தயானி. விடியும் முன்னே பின் சீட்டில் ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்க, வளைவுக்கு வளைவு மேகத்தைக் கிழித்துக்கொண்டு போவாள். மலையே தன் மடியில் கிடந்து தூங்குவதுபோல அவளுக்கு இருக்கும். வேன் கைவிட்டுப் போனால் மறுபடி விடியக்காலைப் பெரட்டில் வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கொடுத்து, கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

வந்த வினை, பனியால் வந்தது. வேன் மூன்று வாரமாக வெள்ளை வெள்ளையாகப் புகை விட்டிருக்கிறது. பூனாகலையில் எது பனி, எது புகை என்று யார் கண்டது? ரேடியேட்டர் தாகமெடுத்த மாடு மாதிரி தண்ணீர் குடிக்க, இவளும் மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் பீலி நிறுத்தி ஊற்றியிருக்கிறாள். கடைசியில் ஒரு வளைவில் கொதித்து நின்றது. எண்ணெயைப் பார்த்தால் பால் தேத்தண்ணி நிறம். எஞ்சினுக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட் தகடு வெந்துபோயிருந்தது.

போனில் வீடியோ பார்த்துத்தான் பிரித்தாள். கொழுந்துச் சாக்கை விரித்து, பிஸ்கட் பெட்டி அட்டையில் ஓட்டை போட்டு, பத்து போல்ட்டையும் வரிசையாகக் குத்தி வைத்தாள். ஹெட்டைத் தூக்கியதும் நாலு சிலிண்டரிலும் தண்ணீர் நின்றது. நாலு குட்டிக் கிணறு. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு ஒரு மேகம் நடந்து போனது. தயானி ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அன்றைக்கே லயத்தில் பேச்சு.

தண்ணீரை ஒற்றி எடுத்து, சுரண்டித் துடைத்து, புதுக் கேஸ்கட் வைத்தாள். எண்ணெயும் மாற்றினாள். போல்ட்டு முறுக்கும் இடம் வரும்போது பனி இறங்கி சிக்னல் போய்விட்டது. கைக்குத் தெரிந்தபடி முறுக்கினாள். ஆறு வருஷம் கொழுந்து பறித்த கை. தேயிலைச் செடி வரிசையில் ஒரு நிரை பிடித்தால் இந்த முனையில் தொடங்கி அந்த முனையில்தான் முடிக்கும். போல்ட்டு இரண்டு நிரையையும் அப்படியே முடித்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் ஓடியது. பிறகு ரேடியேட்டரில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. கேஸ்கட் இன்னும் கசிகிறது என்று அர்த்தம்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அப்புத்தளை போய், உதிரிப்பாகக் கடை அஸ்ஹரிடம் மறுபடி நின்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பதுதான் அங்கே வழக்கம்.

"அதே கேஸ்கட் இன்னொண்ணு குடுங்க நானா."

"மூணு நாளைக்கு ரெண்டா? அதைச் சாப்பிடுறீங்களா தங்கச்சி? ஹெட் வளைஞ்சிருக்கா?"

"கண்ணாடித் துண்டு வச்சுப் பார்த்தேன். நேராத்தான் இருக்கு."

"எப்படி முறுக்கினீங்க?"

சொன்னாள். அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "கொழுந்து ஆயுற மாதிரியா? ஒரு ஓரத்தை அமுக்கினா மற்ற ஓரம் தூக்கிக்குமே." கேஸ்கட் உறையின் பின்னால் பத்து வட்டம் போட்டு, நடுவில் ஒன்று, இரண்டு என்று தொடங்கி வெளியே பரவி எண் எழுதினார். "மூணு சுற்று. கொஞ்சம் கொஞ்சமா." அளவு காட்டும் ரெஞ்ச் ஒன்றையும் இரவல் கொடுத்தார். அவர் யாருக்கும் எதையும் இரவல் கொடுக்காத மனுஷன், அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை நிஷாந்த் இரண்டு ஆளோடும் கட்டியிழுக்கும் கயிற்றோடும் வந்தபோது, மூன்றாவது சுற்று முடிந்திருந்தது. தயானி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பின்னாலே வெள்ளையாக ஏதோ மிதந்தது. லயமே குனிந்து பார்த்தது. பனியா, புகையா?

"ரேடியேட்டரைப் பாருங்க," என்றாள்.

மூடி திறந்தே இருந்தது. அரைமணி நேரம் நிஷாந்த் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு குமிழி கிளம்பவில்லை.

"சரி தயானி, நீயே வச்சுக்க," என்று கயிற்றைச் சுருட்டினான். கருப்பம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், சீனி கொஞ்சம் அதிகமாகவே போட்டு.

அதை வைத்தே லயம் அவனுக்கும் தயானிக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தது. அவனோ அடுத்து வந்த தை மாசத்தில் அந்தப் பதினொரு பிள்ளைகளில் ஒருத்தியான மேனுஷாவைக் கட்டினான். அப்புத்தளையில் இன்னும் இரண்டு டிரிப் கிடைத்ததும், தயானி அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். அறை அஸ்ஹர் கடைக்கு மேலே என்றதும் லயத்து நாக்குகளுக்குக் கொஞ்சம் வேலை வந்தது. அவருக்குப் பேரப்பிள்ளை இருப்பது தெரிந்ததும் அதுவும் போனது. லயத்தில் அவர்கள் இருந்த வீட்டில் இப்போது கொஸ்லந்தையில் இருந்து வந்த ஒரு குடும்பம். ரொம்ப அமைதியான ஆட்கள், பேசுவதற்கு ஒன்றுமே இல்லை.