முள் வைத்த வாசற்படி

அப்துல் வஹாபின் வீட்டு வாசற்படிகள் உடைந்து கிடந்தன. பழவேற்காட்டு உப்புக்காற்று தின்றது பாதி, கருவாட்டுக் கூடைகளைத் தரதரவென்று இழுத்ததில் போனது பாதி. அவர் அதைக் கண்டுகொண்டதே இல்லை. போன வருஷம் மகள் மெஹர்னிசாவைப் பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் அந்தப் படியில் தடுக்கி விழப்போனாள். வாசலே சரியில்லையே என்று முகம் சுளித்தாள். அந்தச் சம்பந்தம் அதோடு போனது. அன்றிலிருந்துதான் படி வஹாபின் கண்ணை உறுத்தியது.

இப்போது பொன்னேரி அரிசி மண்டி முஸ்தபா தம் மகனுக்கு மெஹர்னிசாவைக் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. இதுவும் தட்டிப்போனால் இனி யார் வருவார்கள் என்று மனைவி பீவி ஜான் ஓயாமல் கேட்டாள்.

சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டிய காலம் அது. ஆபீஸுக்கு நடையாய் நடந்ததில் செருப்புதான் தேய்ந்தது. கடைசியில் பாலம் கட்டிய காண்டிராக்டரின் கொட்டகையில் மிஞ்சிய அரை மூட்டை கிடைத்தது, அதுவும் கட்டிதட்டிப் போனது. கொத்தனார் யேசுதாஸ் அதை இடித்துச் சலித்தார். படிகளைப் பெயர்த்துப் புதிதாகக் கட்ட இது காணாது, உடைந்த விளிம்பைக் கொத்திவிட்டு, செங்கல் துண்டு கொடுத்து மேலே பூசிவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் பூசியும் முடித்தார். பழைய சிமெண்ட், இறுக நேரமாகும், ஞாயிறு வரை யாரும் கால் வைக்கக் கூடாது, நாளை முதல் வேளை தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லி, ஆடும் நாயும் ஏறாமல் கருவேல முள்ளை வெட்டிப் படிமேல் போட்டுவிட்டுப் போனார். வீட்டார் பின்பக்கத்துக் கருவாட்டுக் கொட்டகை வழியாகப் புழங்கினார்கள்.

ஜும்மா தொழுதுவிட்டு வஹாப் தெருமுனை திரும்பினால், வாசலில் குதிரை வண்டி நிற்கிறது. முஸ்தபாவும் அவர் மனைவியும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் துக்கம் கேட்க வந்தார்களாம். மறுபடி ஒரு நடை எதற்கு, பெண்ணை இன்றே பார்த்துவிடலாமே என்று நினைத்தார்களாம்.

வஹாப் ஓடினார். சிமெண்ட் ஈரமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும், முஸ்தபா சிரித்துவிட்டு ஒதுங்கியிருப்பார். ஆனால் பெண் கேட்டு வந்தவர்களை வாசலில் நிறுத்த எந்தத் தகப்பனுக்கு நாக்கு வரும்? பின்பக்கம் அழைக்கலாம் என்றால் கருவாடும் ஈயும். அப்போது பார்த்து முள் கண்ணில் பட்டது. சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு முள்ளைப் போட்டு வைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டால்? அவ்வளவுதான். மனுஷர் தம் கையாலேயே முள்ளை வாரிச் சுவருக்கு அப்பால் எறிந்தார்.

"வாங்க, வாங்கம்மா, உள்ள வாங்க."

வாயிலிருந்து வந்தது அதுதான்.

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தாள். ஒரு கால் புதைந்து நின்றது, மறு கால் வழுக்கியது. வெள்ளைத் துப்பட்டியோடு படிக்குக் கீழே சேற்றில் உட்கார்ந்தவளைப் புருஷன் தூக்கிவிட்டார். யாரும் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. படியைத் தாண்டி உள்ளே போய் ஷர்பத் குடித்தார்கள். மெஹர்னிசாவைப் பார்த்து நல்ல பிள்ளை என்றார்கள். போகும்போது முஸ்தபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் நொண்டி நொண்டி வண்டி ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தரகர் ஹனீப் மட்டும் வந்தார்.

"காலு சரியாப் பூட்ச்சாம். ஆனா வாசல்லியே விழுந்துட்டனே, இந்த எடம் வேணாம்னு அந்தம்மா சொல்லிக்கினே இருக்காங்களாம். நான் இன்னா பண்றது, பாய்?"

வஹாப் எழுந்து வாசலுக்குப் போனார். படியைக் கொத்தித் திரும்பப் பூசலாம் என்றாலும் ஒரு பிடி சிமெண்ட் மிச்சமில்லை.

சாயங்காலம் மெஹர்னிசா குடத்தோடு வந்து நின்றாள். படியில் அந்த அம்மாளின் கால்தடம் விரல் விரலாகப் பதிந்திருந்தது.

"வாப்பா, இன்னும் தண்ணி ஊத்தணுமா?"

"ஊத்தும்மா. இல்லாங்காட்டி வெடிச்சுப் பூடும்."

அவள் ஊற்றினாள். தண்ணீர் அந்தத் தடத்தில் தேங்கி நின்றது. மறுநாளும் ஊற்றினாள், அதற்கு மறுநாளும். அவள் ஊற்ற ஊற்ற அந்தத் தடம் கல்லாக இறுகியது. வஹாப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.