தோணிக்கு அடியில்

1
ஒரு சங்கக் கொடியைப் பார்த்ததில் பிறந்த கதை இது. மாத்தளைச் சகோதரிகள் சங்கத்தின் நீலக் கொடியில் மூன்று சின்னங்கள்: ஜாதிக்காய், கேத்தல், தோணி. ஜாதிக்காய் ஊரில் காய்ப்பது. கேத்தல் கூட்டத்தில் தேத்தண்ணிக்காகக் கொதிப்பது. கடலே இல்லாத மாத்தளையில் தோணி எதற்கு? எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

2
1962. மலைச்சாரலில் மெல்லிய பனி தவழ... (அடித்துவிட்டேன். பனிக்கு இங்கே வேலையில்லை.)

ஜுனைதா நாவுலயிலிருந்து மாத்தளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பேசப் பழக ஊரில் ஒருத்தியும் இல்லை. சங்கத்தை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. புதிதாகச் சேர்பவள் முதல்நாள் கொடியைத் துவைத்து இஸ்திரி போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். கரி இஸ்திரிப் பெட்டியைக் கொடிமேல் வைத்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. ஓடினாள். திரும்பி வந்தபோது கொடியில் பெட்டியளவு ஓட்டை.

(இவ்வளவு அசட்டையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் பால் பொங்கினால் மாமியார் கத்துவார். கிட்டத்தில் இருந்த பயம் வென்றது.)

3
அழுது முடித்து, வெள்ளைத் துணி வெட்டி ஓட்டையை மூடித் தைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் வடிவம் தோணியாக வந்து நின்றது. சந்தேகம் வராதிருக்கத் துடுப்பும் ஒன்று தைத்தாள்.

4
மறுநாள் கூட்டத்தில், கண்டியிலிருந்து வந்த விருந்தாளி கேட்டார்:

"இந்தத் தோணிக்கு என்ன அர்த்தம்?"

தலைவி ஹமீமா கொடியைப் பார்த்தார், ஜுனைதாவைப் பார்த்தார், முக்காட்டைச் சரிசெய்தார்.

"அதுவா? ஏழைக் கொமருப் புள்ளைகளக் கட்டிக்குடுத்துக் கரை சேக்கிற சங்கம் இது. அதுக்குத்தான் தோணி. ஆதியில இருந்தே இருக்கு."

கைதட்டல். மூத்த உறுப்பினர் றம்லா கண்ணைத் துடைத்தாள். "எங்க உம்மாவும் சொல்லியிருக்காங்க!"

5
முடிவு ஒன்று: ஜுனைதா உண்மையைச் சொல்ல, எல்லோரும் கட்டித் தழுவி... (வானொலி நாடகம்.)

முடிவு இரண்டு: அவமானப்பட்டு நாவுல பஸ் ஏறுகிறாள். (முடியாது. எனக்கு இவளைப் பிடித்துவிட்டது.)

முடிவு மூன்று: கூட்டம் கலைந்ததும் ஹமீமாவிடம் போகிறாள்.

"ராத்தா, அந்தத் தோணி..."

"நல்லாத் தச்சிருக்க புள்ள. என் ஜாதிக்காய் இவ்வளவு அழகா வரல்ல."

ஜுனைதாவுக்கு மூச்சு வந்தது. "அப்ப கேத்தல்?"

"மெதுவாப் பேசு. றம்லா தச்சது. பெரிய ஓட்டை."

6
கொடியில் இன்னும் ஒரு மூலை வெறுமையாக இருக்கிறது. அடுத்த புதுப்பெண் யார், அடுப்பில் என்ன பொங்கும் என்பதெல்லாம் நான் எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்தின் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். தேத்தண்ணிக் கோப்பையோடு படிக்கிறீர்களென்றால் கவனம். சிந்திவிட்டால் அர்த்தத்தை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால், ஆதியிலிருந்தே இருந்தது என்று நானும் சாட்சி சொல்கிறேன்.